புல்லுக்கு முன்னால் தண்ணீர்: மிடேவின் புல்வெளியை எப்படி மீட்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பழைய மக்காச்சோள வயல்களை மறுபடியும் பிரெய்ரி புல்வெளியாகவும் சதுப்பாகவும் மாற்றுகிறார்களாம். உழுவதை நிறுத்திவிட்டுச் சும்மா விட்டாலே புல் முளைத்துவிடுமே? அதற்கு ஏன் இத்தனை வருடம், இத்தனை ஆட்கள்?”

நியாயமான கேள்வி. முதல் நாள் போனபோது நானும் இதையேதான் கேட்டேன். சிகாகோவுக்குத் தென்மேற்கே சுமார் 40 மைல் தள்ளி மிடேவின் என்ற பாதுகாக்கப்பட்ட புல்வெளி இருக்கிறது. அமெரிக்க வனத்துறை பார்த்துக்கொள்கிறது. சில வருடங்களாக விடுமுறை நாட்களில் விதை சேகரிக்கவும் களை எடுக்கவும் அங்கே தன்னார்வலராகப் போய்வருகிறேன். அங்கே பார்த்ததையும் கற்றதையும் வைத்துச் சொல்கிறேன்.

சும்மா விட்டாலும் ஏதாவது முளைக்கத்தான் செய்யும், ஆனால் அது பிரெய்ரியாக இருக்காது. முதல் இரண்டு வருடம் வயல் களைகள். அப்புறம் மாட்டுத் தீவனத்துக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த புல் வகைகள். அதற்குள்ளேயே முட்புதர் கிளம்பும். ஈரமான பள்ளங்களில் ரீட் கேனரி என்ற முரட்டுப் புல் புகுந்தால் வேறு எதையும் தலைதூக்க விடாது. பத்துப் பதினைந்து வருடத்தில் உள்ளே நுழைய முடியாத ஒரு புதர்க்காடு கிடைக்கும். அந்த மண்ணில் பழைய விதை மிச்சம் இல்லை, பழைய தண்ணீரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு பாடு.

இல்லினாய்க்கு ‘பிரெய்ரி மாநிலம்’ என்றே பட்டப்பெயர். 200 வருடங்களுக்கு முன் அங்கே ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. இன்று நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர்தான். அதாவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணுக்குள் புல்வேர்கள் கம்பளி போலப் பின்னிக் கிடந்ததால் பழைய கலப்பைகள் திணறின. 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் இதே இல்லினாயின் கிராண்ட் டெட்டூர் ஊரில் பளபளப்பான எஃகுக் கலப்பையைச் செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் கலப்பை. அதன்பிறகு இரண்டு தலைமுறைக்குள் வேலை முடிந்துவிட்டது.

மிடேவினுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1940-இல் அரசாங்கம் அந்தப் பகுதி விவசாயிகளிடமிருந்து நிலத்தை எடுத்து வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டியது. இரண்டாம் உலகப் போருக்கு டிஎன்டி செய்து குவித்த இடம் அது. 1942 ஜூன் 5 அன்று நடந்த வெடிவிபத்தில் 48 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு, டிஎன்டி கலந்த மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டே சுத்தம் செய்தார்கள். 1996-இல் ஒரு சட்டத்தின் மூலம் நிலத்தின் பெரும்பகுதி வனத்துறைக்கு வந்தது. நாட்டின் முதல் தேசிய நெட்டைப்புல் பிரெய்ரி அதுதான். மிடேவின் என்பது இந்த மண்ணுக்குரிய பொடவாட்டமி பழங்குடியினரின் மருத்துவ மரபிலிருந்து வந்த பெயர். வெடிமருந்தைப் பதுக்கி வைத்திருந்த கான்கிரீட் அறைகள், கூரைமேல் மண்ணும் புல்லுமாக, இன்றும் வரிசையாக நிற்கின்றன. கிட்டத்தட்ட 400 கட்டியிருந்தார்கள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். மீட்புப் பணி என்றாலே எல்லோரும் நாற்று நடுவதைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பாதி வேலை தரைக்கு அடியில் நடக்கிறது. அதைச் செய்யாமல் மேலே எதைத் தூவினாலும் வீண்.

பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன தட்டையான நிலம் இது. பனி உருகும் காலத்திலும் வசந்தகால மழையிலும் தண்ணீர் ஓட வழியில்லாமல் அங்கங்கே முழங்கால் அளவு தேங்கி நிற்கும். ஆரம்பத்தில் குடியேறியவர்கள் இந்த ஈரப் புல்வெளிக்குப் பயந்தே ஒதுங்கினார்கள், மலேரியாக் காய்ச்சல் அங்கே சாதாரணம். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘டைல்’ வந்தது. டைல் என்றதும் தரையில் பதிக்கும் கல் நினைவுக்கு வரும். இது வேறு: ஓர் அடி நீளமுள்ள சுட்ட களிமண் குழாய். மூன்று நான்கு அடி ஆழத்தில் பள்ளம் தோண்டி, ஒன்றன் முனையில் ஒன்றாக வரிசையாக வைத்து மூடிவிடுவார்கள். பூசு வேலை எதுவும் கிடையாது. இரண்டு குழாய்க்கு நடுவிலுள்ள மெல்லிய இடுக்கு வழியாக மண்ணிலுள்ள தண்ணீர் கசிந்து உள்ளே போகும். அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு. இல்லினாயில் இப்படி அடியில் வடிகால் போட்ட நிலம் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர். சதுப்பு நிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு போனது இப்படித்தான்.

ஒரு மார்ச் மாதக் காலையில் இந்தக் குழாயை உடைப்பதை நேரில் பார்த்தேன். அதற்கு முன்பு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். யாரிடமும் வரைபடம் இருக்காது. மழைக்குப் பிறகு எடுத்த பழைய விமானப் படங்களில் குழாய் போகும் தடம் மட்டும் சீக்கிரம் காய்ந்து, வெளிறிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே பொக்லைன் ஒரு நீளப் பள்ளம் வெட்டியது. முதல் இரண்டு அடி கரிசல் மாதிரிக் கறுப்பு மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண், அங்கங்கே துருப்பிடித்தது போல ஆரஞ்சுப் புள்ளிகள். பல காலம் தண்ணீரில் ஊறிக் கிடந்த மண்ணுக்கு அதுதான் அடையாளம். அப்புறம் செங்கல் நிறத்தில் குழாய் தெரிந்தது. மேலே வயல் காய்ந்து கிடக்கிறது, குழாய்க்குள் மட்டும் கண்ணாடி போலத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. கைவிட்டுப் பார்த்தேன், விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ச்சி. யாரும் பயிர் செய்யாத நிலத்திலிருந்து, அதைப் பதித்தவர்கள் எல்லாம் போய்ச்சேர்ந்த பிறகும், இரவும் பகலும் அது தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

இருபது அடிக்குக் குழாயைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் களிமண்ணை நிரப்பி நன்றாக மிதித்து இறுக்கினார்கள். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அந்தப் பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கட்டைவிரல் நுனி அளவே உள்ள கோரஸ் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம், நூற்றுக்கணக்கில். யாரும் அவற்றைக் கொண்டுவந்து விடவில்லை. பக்கத்து வாய்க்காலில் ஏதோ ஒரு மூலையில் காத்திருந்திருக்கின்றன.

ஆனால் கண்ட குழாயை எல்லாம் உடைத்துவிட முடியாது. மேட்டுப் பக்கத்து விவசாயியின் வயல் தண்ணீரும் அதே குழாய் வழியாகத்தான் வரும். அதை அடைத்தால் அவருடைய பயிர் முங்கிவிடும், அவருக்கு அதைக் கேட்கச் சட்டப்படி உரிமையும் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் ஓட்டையே இல்லாத புதிய குழாயைப் போட்டு, அவர் தண்ணீரை மட்டும் நம் நிலத்தைத் தொடாமல் அந்தப் பக்கம் கடத்திவிடுவார்கள். இன்னும் சில இடங்களில் நம் ஏரி மதகு போன்ற ஓர் அமைப்பு: ஒரு பெட்டிக்குள் பலகைகளை ஏற்றி இறக்கி நீர்மட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் திரும்பினால் எவ்வளவு நடக்கும், எவ்வளவு நடக்காது என்பதற்கு அதே மாநிலத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இல்லினாய் ஆற்றங்கரையில் ஹெனபின், ஹாப்பர் என்று இரண்டு ஏரிகள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை கட்டித் தண்ணீரை இறைத்து வயலாக்கினார்கள். 2001-இல் ஓர் அமைப்பு நிலத்தை வாங்கி, இறைக்கும் பம்புகளை நிறுத்தியது. சில மாதங்களில் ஏரிகள் திரும்பிவிட்டன. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிய விதைகள் முளைத்தன, வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்தன. 2012-இல் அது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் இடையில் கெண்டை மீன்கள் பெருகி, அடிச்சேற்றைக் கிளறிக் கிளறி, தண்ணீரைக் கலக்கி நீர்ச்செடிகளை அழித்துவிட்டன. மறுபடியும் தண்ணீரை வடித்து, மீன்களைக் கொன்று, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அங்கே முளைத்த பழைய விதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேற்றில் முளைக்கும் ஓராண்டுச் செடிகள், சில நாணல் வகைகள் ஆகியவற்றின் விதைகள் மண்ணில் நெடுநாள் தாங்கும். ஈரப் புல்வெளிக்கு உயிரான கோரைகள் பெரும்பாலும் அப்படி இல்லை. நூறு வருடம் உழுத வயலில் தண்ணீரைத் திருப்பினால் வாத்துகள் ஓரிரு வருடத்தில் வந்துவிடும், கோரைகள் தாமாக வரவே வராது. அவற்றை மனிதர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

எங்கிருந்து கொண்டுவருவது? கடையில் வாங்கினால் எங்கோ நெப்ராஸ்காவிலோ கான்சாஸிலோ வளர்ந்த விதை கிடைக்கும். பெயர் ஒன்றாக இருக்கும், பூக்கும் காலமும் குளிரைத் தாங்கும் திறனும் வேறாக இருக்கும். அதனால் முடிந்தவரை சுற்றுவட்டார விதையையே தேடுகிறார்கள். மிச்சமிருக்கும் பழைய பிரெய்ரித் துண்டுகள் இருப்பது ஆச்சரியமான இடங்களில்: ரயில்பாதையின் இருபுறமும், முன்னோடிகள் புதைந்த சின்னச் சின்னக் கல்லறைத் தோட்டங்களிலும். அங்கே கலப்பை போகவில்லை, அதுதான் காரணம். இந்த மிச்சத் துண்டுகளைக் காப்பாற்றுவது புதிதாக ஆயிரம் ஏக்கர் விதைப்பதைவிட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். தாய் விதை அங்கேதான் இருக்கிறது. அந்தக் கால் ஏக்கரை ஒரு நாள் புல்டோசர் தள்ளிவிட்டால், எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த விதையைத் திரும்ப வாங்க முடியாது.

அந்தத் துண்டுகளிலிருந்து எடுக்கும் கொஞ்சம் விதையை மிடேவினில் பாத்தி கட்டி, ஓர் இனத்துக்கு ஒரு வரிசை என்று வளர்த்துப் பெருக்குகிறார்கள். ஜூனில் தொடங்கும் அறுவடை நவம்பர் வரை போகும். கோரைகள் ஜூனிலேயே முற்றிவிடும், ஒரு வாரம் தவறவிட்டால் உதிர்ந்துபோகும். பிரெய்ரி டிராப்ஸீட் என்று ஒரு புல், முழங்கால் உயரத்தில் நீரூற்று போல வளைந்து நிற்கும். ஆகஸ்டில் அது பூத்திருக்கும்போது பக்கத்தில் போனால் கொத்தமல்லி விதையை வாணலியில் வறுக்கிற வாசனை அடிக்கும். முதல் முறை நுகர்ந்தபோது யாரோ சமைக்கிறார்கள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

குளிர்காலத்தில் கொட்டகைக்குள் உட்கார்ந்து விதையைச் சுத்தம் செய்வோம். காய்ந்த பூந்தலைகளைச் சல்லடையில் தேய்த்து, உமியைப் புடைத்து எடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவரைக் குடும்பத்து விதைகளாக இருந்தால் மேல்தோலை உப்புத்தாளில் உரசி, வேர்முடிச்சுப் பாக்டீரியாவைக் கலந்து வைப்போம். பெரும்பாலான விதைகளுக்கு ஈரத்தோடு சேர்ந்த குளிர் வேண்டும், அது இல்லாமல் உறக்கம் கலையாது. அதனால் விதைப்பதே நவம்பர், டிசம்பரில்தான். சோயா அறுத்த தாளடியில், உழாமல் அப்படியே தூவிவிடுவார்கள். உழுதால் களை விதை மேலே வந்துவிடும். மண் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது விரியும் வெடிப்புகளில் விதை தானாக இறங்கிக்கொள்ளும். உரம் போடவே கூடாது. மக்காச்சோளத்துக்குப் போட்ட நைட்ரஜனே மண்ணில் மிச்சம் இருக்கும், அதில் களைகள்தான் கொழுக்கும்.

கோரைகளுக்கு மட்டும் விதை தூவுவது போதாது. பலவற்றின் விதை காய வைத்தால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஆகவே பசுமைக்குடிலில் நாற்றாக வளர்த்து, சேற்றில் கம்பியால் துளையிட்டு ஒவ்வொன்றாக நட வேண்டும். நடவு வேலை தெரிந்தவர்களுக்கு அந்த இடுப்பு வலி புரியும்.

எவ்வளவு எதைத் தூவுவது என்பதிலும் அனுபவம் பேசுகிறது. முன்பெல்லாம் பிக் புளூஸ்டெம் என்ற உயரப் புல்லை அள்ளி அள்ளி விதைத்தார்கள். விலை குறைவு, சீக்கிரம் வளரும். ஐந்தாறு வருடத்தில் ஆள் உயரத்துக்கு எழும்பி, பூச்செடிகளை எல்லாம் மூடிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அருமையான பிரெய்ரி, உள்ளே போனால் ஒரே புல். இப்போது அந்தப் புல்லைக் குறைத்து, பூச்செடிகளைக் கூட்டுகிறார்கள். வுட் பெட்டனி என்ற செடியும் கைகொடுக்கிறது. அது பக்கத்துப் புல்லின் வேரிலிருந்து பாதி உணவைத் திருடி வாழும், அதனால் புல் அடங்கும், நடுவில் இடைவெளி விழும்.

விதைத்த முதல் வருடம் பார்க்கச் சகிக்காது. களை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு பேச்சு வழக்கு உண்டு: முதல் வருடம் தூக்கம், இரண்டாம் வருடம் தவழல், மூன்றாம் வருடம் பாய்ச்சல். இந்தச் செடிகள் முதலில் வேருக்குத்தான் எல்லாவற்றையும் செலவழிக்கும். திசைகாட்டிச் செடி என்று ஒன்று, இலைகளை வடக்கு தெற்காகத் திருப்பி வைத்துக்கொள்ளும். முதல் வருடத்தில் மேலே ஓர் இலை, இரண்டு இலைதான் இருக்கும். முழு வளர்ச்சியில் வேர் பத்துப் பதினைந்து அடி இறங்கும். அதனால் முதல் வருடம் களையைப் பிடுங்காமல், சில வாரங்களுக்கு ஒருமுறை அரையடி உயரத்துக்கு வெட்டிவிடுவோம். வெளிச்சம் கீழே இறங்கினால் போதும். பிடுங்கினால் நூல் போன்ற நம் நாற்றும் கூடவே வந்துவிடும்.

அதற்குப் பிறகு வருவது முடிவில்லாத களைப் போராட்டம். ஈரப்பகுதியில் ரீட் கேனரி புல்லும் கலப்பினச் சம்பும்தான் பெரிய எதிரிகள். இரண்டும் வேர்த்தண்டு மூலம் பரவும், அறுத்தால் மட்டும் சாகாது. ஊதாப் பூ பூக்கும் லூஸ்ட்ரைஃப் செடிக்கு மட்டும் நல்ல தீர்வு கிடைத்தது: அதன் தாயகமான ஐரோப்பாவிலிருந்து, அதையே தின்று வாழும் சிறு வண்டுகளைச் சோதித்துப் பார்த்து 1990-களில் கொண்டுவந்தார்கள். மேட்டுப்பகுதியில் ஸ்வீட் குளோவர் பெரும் தொல்லை. அதன் விதை தீயில் பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன், யாராவது அங்கே உதவப் போகிறவர்கள் இருந்தால் பயன்படும்: வைல்ட் பார்ஸ்னிப் என்ற மஞ்சள் பூச்செடியைக் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளிக்கும்.

தீ இல்லாமல் பிரெய்ரி இல்லை. பொடவாட்டமி போன்ற மக்கள் காலங்காலமாகப் புல்வெளிக்குத் தீ வைத்தே அதைப் புல்வெளியாக வைத்திருந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 1930-களில் மாடிசனில் உலகிலேயே முதலாவதாக ஒரு பிரெய்ரியை மீட்கத் தொடங்கினார்கள். தீ ஏன் வேண்டும் என்பதைச் சோதனை வைத்து நிறுவியதும் அங்கேதான், 1940-களில். இப்போது பயிற்சி பெற்றவர்கள் காற்றும் ஈரப்பதமும் பார்த்து வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ எரிக்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எரிப்பதில்லை. புல்தண்டுக்குள் உறங்கும் பூச்சிகளுக்கு எரியாத பக்கம் ஒன்று இருக்க வேண்டும்.

மேய்ச்சலும் அப்படித்தான். 2015-இல் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைகள் 27-ஐ மிடேவினுக்குக் கொண்டுவந்தார்கள். அவை புல்லையே விரும்பித் தின்பதால் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும், கூட்டமும் வளர்ந்திருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் காட்டெருமையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அங்கே சாதாரணப் பண்ணை மாடுகளும் குத்தகைக்கு மேய்கின்றன, அதற்கும் அதே அளவு காரணம் உண்டு. அப்லாண்ட் சாண்ட்பைப்பர் என்ற நீண்ட கழுத்துப் பறவை அர்ஜென்டினாப் புல்வெளிகளிலிருந்து கோடைக்கு இங்கே வந்து கூடு கட்டும். அதற்குக் குட்டைப் புல்தான் வேண்டும். நெட்டைப் பிரெய்ரியாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது போய்விடும்.

எல்லா இடமும் மீட்கக்கூடியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிடேவினில் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் போன்ற பாறைக்குமேல் சில அங்குல மண் மட்டும் உள்ள ஒரு வகைப் புல்வெளி இருக்கிறது. வசந்தத்தில் தண்ணீர் நிற்கும், ஜூலையில் சுட்டெரிக்கும். இந்த விசித்திர நிலத்தில்தான் லீஃபி பிரெய்ரி குளோவர் என்ற ஊதாப் பூச்செடி வாழ்கிறது. இல்லினாய், டென்னசி, அலபாமா தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1991 முதல் அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. பாறையைப் புதிதாக யாரும் செய்ய முடியாது. இருப்பதில் புதர் ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம்மால் முடிந்தது.

எத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். பூக்கள் நிறைந்த வயலாக மூன்று நான்கு வருடம். பறவைகள் கூடு கட்ட ஐந்து வருடமும் போதும். பழைய பிரெய்ரியில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தில் பல வகைச் செடிகள் கலந்து நிற்கும் அந்த நெருக்கம் வர எத்தனை காலமாகும் என்பதற்கு மாடிசனில் 90 வருடத்துக்கு முன் நட்டதே இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குழாயை உடைத்த அந்தப் பள்ளத்தில் ஒரு ஜூன் மாதம் டஸ்ஸக் செட்ஜ் என்ற கோரை நாற்றுகளை நட்டோம். அது தன் பழைய இலையும் வேரும் சேர்ந்த மேட்டின்மேல் தானே ஏறி ஏறி வளரும் கோரை. பழைய சதுப்புகளில் அந்த மேடுகள் தொடை உயரம்கூட இருக்கும், ஒரு மேட்டில் பத்து வகைச் செடி ஒட்டிக்கொண்டு வாழும். போன வசந்தத்தில் போய்ப் பார்த்தேன். எங்கள் கோரை தண்ணீருக்கு மேலே நான்கு விரல் உயர்ந்திருந்தது. அதன் பக்கவாட்டில், நாங்கள் நடாத ஒரு நீல ஐரிஸ் முளை விட்டிருந்தது.